தலைவர் அடித்த ஆணி

எதிர்பாராச் செலவு நிவாரணச் சங்கம் என்று ஒன்று இருந்தது. இப்போதும் இருக்கிறது. இனியும் இருக்கும், அதை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்கிறவர் எவரானாலும் அன்றைக்கே அதில் உறுப்பினர் ஆகிவிடுவார். ஆக வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே சங்கத்தின் பங்கு கழன்றுகொள்ளும். அதற்குப் பதிலாகச் சம்பளச் சீட்டின் அடியில் ஒரு வரி அச்சாகி வரும்: ‘உங்கள் வீட்டில் இடி விழுந்தால் நாங்கள் இருக்கிறோம்.’

கிடங்கு வாசலில் லாரிகளை எடை போடுகிறவருக்குத் ‘தராசு’ என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பத்தொன்பது வருடமாக அதே எடை மேடை, அதே கண்ணாடி அறை, அதே ரப்பர் முத்திரை. ஒரு கிலோ கூட்டியும் அவர் சீட்டு எழுதியதில்லை, குறைத்தும் எழுதியதில்லை. டிரைவர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், மிரட்டிப் பார்த்தார்கள், கடைசியில் பட்டப்பெயர் வைத்துவிட்டு ஓய்ந்துபோனார்கள்.

வீட்டில் மூன்று பேர். அவர், மனைவி, பதினொரு வயது மகள். சிக்கனத்தில் மனைவியை மிஞ்ச ஆள் கிடையாது. பற்பசை தீர்ந்தால் குழாயைக் கத்தரித்து இன்னும் நாலு நாள் ஓட்டுவாள். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஒன்றாக அமுக்கி, பல நிறத்தில் ஒரு புதுச் சோப்பு செய்வாள். தராசின் பழைய கால்சட்டை கடைக்குப் போகும் பை ஆகும், பை கிழிந்தால் தரைத்துணி ஆகும். ஒரு பொருள் அந்த வீட்டுக்குள் நுழைந்தால் மூன்று பிறவி எடுக்காமல் வெளியே போகாது. இப்படி மிச்சம் பிடித்ததைப் பழைய பால்மாவு டின் ஒன்றில் போட்டுவைப்பாள். அவசரத்துக்கு ஆகும் என்பாள்.

அவசரம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மகள் படுக்கும் அறையின் சுவர் வியர்த்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஆள் உயரத்துக்கு ஈரம் ஏறி, வெள்ளை போய்ப் பச்சை படர்ந்தது. சுவரின் அடியில் சொட்டுச் சொட்டாக நீர் வந்தது. மகளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு இருமல் முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

“அந்த ரூம் காயணும். இல்லன்னா மருந்து தண்டம்” என்றார் மருத்துவர்.

தெருமுனைக் குழாய்க்காரர் வந்து சுவரில் காதை வைத்துக் கேட்டார். “குழாய் வேலை ஒண்ணும் பெரிசில்லம்மா. உள்ள ஒரு இணைப்பு விட்டிருக்கு, பத்து நிமிஷ வேலை. சுவத்த உடைக்கிறதுதான் செலவு. அந்தக் காலத்துச் சுவர், கருங்கல் மாதிரி இருக்கும். ரெண்டு ஆள் ஒரு நாள் முழுக்க உடைக்கணும், குப்பை அள்ள வண்டி வேற” என்றார். அவர் சொன்ன தொகை தராசின் ஒன்றரை மாதச் சம்பளம். டின்னில் அதில் பாதிதான் இருந்தது.

அன்றிலிருந்து வாசலில் இருந்த தண்ணீர் வால்வைக் காலையில் இருபது நிமிடம் மட்டும் திறந்தார்கள். இருக்கிற பாத்திரங்களில் எல்லாம் பிடித்துக்கொண்டு மூடிவிடுவார்கள். சுவர் அடியில் ஒரு தட்டையான பேசினை வைத்து, சொட்டுகிறதைச் சேர்த்துத் தரை துடைத்தாள் மனைவி. மகளை அடுப்புக்குப் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். அங்கேயும் இருமினாள்.

“இத்தனை வருஷம் கட்டியிருக்கோமே, சங்கத்துல கேளுங்களேன்” என்றாள் மனைவி.

தராசு கேட்கப் போனார். சங்க அலுவலகத்தின் எழுத்தர் முகம் கோணாமல் பேசுகிறவர். இல்லை என்பதைக்கூட இனிப்பு கொடுக்கிற மாதிரி சொல்வார்.

“குழாய் எப்ப உடைஞ்சுது?”

“செவ்வாய்க்கிழமை சார்.”

“எத்தனை நாளைக்கு முன்னாடி எங்களுக்குத் தெரிவிச்சீங்க?”

“உடைஞ்ச பிறகுதானே சார் எனக்கே தெரியும்?”

“விதி நாலு. எதிர்பாராத செலவை, அது வர்றதுக்கு முப்பது நாளைக்கு முன்னாடியே எழுத்து மூலமா தெரிவிக்கணும்.”

தராசு அதை மனத்துக்குள் ஒரு முறை எடை போட்டுப் பார்த்தார். “முப்பது நாளைக்கு முன்னாடியே தெரிஞ்சா அது எதிர்பாராத செலவே இல்லையே சார்?”

எழுத்தரின் முகம் மலர்ந்தது. “அப்படிக் கேளுங்க! அதுக்குத்தான் விதி அஞ்சு. எதிர்பார்த்த செலவுக்கு நிதி கிடையாது.”

“அப்ப யாருக்குத்தான் சார் கிடைக்கும்?”

“அவசரப்படாதீங்க. சிறப்புக் கருணைப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. படிவம் வாங்குங்க, சிக்கன வகுப்புக்கு வாங்க, ஆய்வாளர் உங்க வீட்டைப் பார்ப்பாங்க. அப்புறம் கமிட்டி கருணை காட்டும். காட்டினாலும் காட்டும்.”

சிக்கன வகுப்பு சனிக்கிழமை பிற்பகல், சங்கத்தின் புதுக் கட்டடத்தில். வாசலில் மூன்று நிறத்தில் விளக்குப் போட்ட நீரூற்று ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. தராசு அதைப் பார்த்துக்கொண்டே நிற்கையில் அது விக்கி நின்றது. அடுத்த நிமிடம் மூன்று பேர் கருவிப்பெட்டியோடு ஓடிவந்து குப்புறப் படுத்து வேலை பார்த்தார்கள். அவர் செருப்பைக் கழற்றி அரங்கத்துக்குள் நுழைவதற்குள் அது மறுபடி துள்ளியது. முப்பது நாளைக்கு முன்பே விக்கப்போவதாகத் தெரிவித்திருக்கும் போல என்று நினைத்துக்கொண்டார்.

அரங்கத்தில் குளிர்சாதனம் எலும்பைத் தொட்டது. சங்கத் தலைவர் மேடையில் நின்றார். நல்ல உடம்பு, நல்ல துணி, நல்ல குரல்.

“தாகம் எடுத்தா உடனே தண்ணி குடிச்சிடக் கூடாது. இது உண்மையான தாகமா, இல்ல வெறும் பழக்கமான்னு உங்களையே கேளுங்க. பசியும் அப்படித்தான்” என்றார். பக்கத்தில் நின்றவர் அவருடைய டம்ளரில் மூன்றாவது முறையாகப் பழச்சாறு ஊற்றினார்.

“இந்தச் சங்கம் தொடங்கி இருபது வருஷம் ஆச்சு. நான் தலைவரா வந்து பதினோரு வருஷம். இந்தப் பதினோரு வருஷத்துல நிவாரணம்னு ஒரு காசு வெளியே போகலை! கேட்டு வந்தவங்க எத்தனையோ பேர். இந்த மேஜைக்கு முன்னாடி நின்னு அழுதவங்க உண்டு. என் மனசு என்ன கல்லா? எனக்கும் அழுகை வந்துது. ஆனா குடுத்துட்டா அப்புறம் அது சேமிப்பா? செலவாயிடுமில்ல?”

கைதட்டல் எழுந்தது. குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தவர்களும் தட்டினார்கள்.

“இவ்வளவு பெரிய கட்டடம் எதுக்குன்னு சிலர் முணுமுணுக்கறாங்க. நியாயமான கேள்வி. பதில் சொல்றேன். இது எதிர்பாராத செலவு இல்ல. நாங்க ரொம்ப நாளா எதிர்பார்த்துட்டிருந்த செலவு!”

தராசு வீட்டுக்கு வந்து இதையெல்லாம் சொன்னபோது மனைவி ஒரு முடிவுக்கு வந்தாள். அங்கேதான் அவள் தவறினாள். நாம் ஊதாரிகள் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டால் அவர்களுக்கு மனம் இளகாமலா போகும் என்று நினைத்துவிட்டாள். பாவம், நல்லவர்கள் கணக்கு அது.

ஆய்வாளரம்மா செருப்புக் காலோடு ஈரத் தரையில் நடந்துவந்தார். கையில் அட்டை, அட்டையில் காகிதம், காகிதத்தில் கட்டங்கள். மனைவி அவருக்கு ஒவ்வொன்றாகக் காட்டினாள். கத்தரித்த பற்பசைக் குழாய். பல நிறச் சோப்பு. கால்சட்டையாக இருந்து பையாகி இப்போது தரைத்துணியாக இருக்கும் துணி. ஆய்வாளரம்மா தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்.

“இந்தச் சுவர்த் தண்ணிய என்ன பண்றீங்க?”

“வீணாக்கறதில்லீங்க. தரை துடைக்க வச்சுக்குவேன்.”

‘வீட்டுக்குள்ளேயே கூடுதல் நீர் வசதி உள்ளது’ என்று எழுதினார் ஆய்வாளரம்மா. அடுப்புப் பக்கத்தில் மகள் இருமினாள். ஆய்வாளரம்மா திரும்பி அவளைப் பார்த்தார்.

“மருந்து எத்தனை வேளை?”

“மூணு வேளைங்க.”

“ரெண்டு வேளைல நிறுத்திப் பார்த்தீங்களா?”

தராசுக்கு வாயில் முடி சிக்கியது போல இருந்தது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. போகும்போது அவருக்குக் கதவைக்கூடத் திறந்துவிட்டார். அதை நினைத்துப் பிறகு பல நாள் தன்னையே திட்டிக்கொண்டார்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. ‘தங்கள் இல்லத்தை ஆய்வு செய்ததில், குழாய் உடைந்து நாற்பது நாட்கள் ஆகியும் தாங்கள் எவ்விதச் செலவும் செய்யாமல் வாழ்ந்து வருவது தெரியவருகிறது. எனவே தங்களுக்குச் செலவு எதுவும் ஏற்படவில்லை எனக் கமிட்டி மகிழ்ச்சியுடன் முடிவு செய்கிறது. மேலும், தங்கள் குடும்பம் இவ்வாண்டின் முன்மாதிரிச் சிக்கனக் குடும்பமாகத் தேர்வு பெற்றுள்ளது. தலைவர் நேரில் வந்து கேடயம் வழங்குவார். விதி இருபத்திரண்டின்படி, வரும் பன்னிரண்டு பேருக்கான சிற்றுண்டியைப் பெருமை பெறும் குடும்பமே ஏற்க வேண்டும்.’ சிற்றுண்டிப் பட்டியல் தனித் தாளில் இருந்தது. கேக் எந்தக் கடையில் வாங்க வேண்டும் என்றுகூடக் குறிப்பிட்டிருந்தார்கள்.

“ஒண்ணும் வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்” என்றார் தராசு.

“குடுத்துட்டா? அப்புறம் நம்ம படிவத்தக் கையால தொடுவாங்களா? வந்து சாப்பிடட்டும். சாப்பிடற எடத்துல அந்தச் சுவத்தப் பார்ப்பாங்கல்ல, மனுஷங்கதானே?”

சொல்லிவிட்டு அவள் பால்மாவு டின்னை எடுத்துக் கவிழ்த்தாள். குழாய்க்காரருக்கு முன்பணமாகக் கொடுக்க வைத்திருந்தது கேக்காகவும் பிஸ்கட்டாகவும் பழச்சாறாகவும் மாறியது. கடைசி நாணயத்தை எடுத்த பிறகும் டின்னை ஒரு தடவை தட்டிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பேர் வருவதாக இருந்தது. பதினேழு பேர் வந்தார்கள். மகள் இருமி விருந்தினரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று ஆய்வாளரம்மா அவளை வாசல் படியில் உட்காரவைத்தார். உள்ளே தட்டுகள் காலியாகிக்கொண்டே வந்தன. எழுத்தர் இரண்டு கேக் துண்டைக் கைக்குட்டையில் மடித்துப் பைக்குள் வைத்தார். தலைவர் நான்கு துண்டு சாப்பிட்டுவிட்டு, “கை கழுவணுமே” என்றார். பாத்திரத்துத் தண்ணீரைக் காட்டினார்கள். அவர் முகம் சுளித்தார். அதனால் மனைவி வாசலுக்கு ஓடி வால்வைத் திறந்துவிட்டாள். பதினேழு பேரும் குழாயடியில் நிதானமாகக் கை கழுவினார்கள். சுவருக்குள் ஏதோ புஸ்ஸென்று சத்தம் கேட்டது. தராசைத் தவிர யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

மகளின் அறையில் தலைவர் பேசினார். “இந்தக் குடும்பத்தைப் பாருங்க. எதிர்பாராத செலவு வந்துச்சு. இவங்க பதறலை, செலவு பண்ணலை. இதோ, சுவர் அப்படியே இருக்கு! இந்த மாதிரி ஆயிரம் வீட்டுச் சுவர் நனைஞ்சா நம்ம சங்கம் எங்கேயோ போயிடும்!”

படம் எடுப்பவர் கேடயத்தை ஈரச் சுவரில் மாட்டினால்தான் தியாகம் தெரியும் என்றார். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

“சார், அந்தச் சுவர் ஊறிப்போயிருக்கு, தாங்காது. இந்தப் பக்கம் காஞ்ச சுவர்ல மாட்டுங்க சார்” என்றார் தராசு.

“தாங்கும் தாங்கும். உங்க வீட்டுச் சுவராச்சே, பொறுமை இருக்கும்” என்று சிரித்தார் தலைவர். சுத்தியலை அவரே வாங்கிக்கொண்டார். தொண்டு என்றால் தலைவர் தன் கையாலேயே செய்வார், படம் எடுக்க ஆள் இருந்தால்.

முதல் அடியில் ஆணி இறங்கியது. இரண்டாவது அடியில் சுவர் முனகியது. மூன்றாவது அடியில் நெஞ்சு உயரத்திலிருந்து முழங்கால் வரைக்கும் சுவர் பெயர்ந்து, பிணம் விழுவது போலத் தொப்பென்று விழுந்தது. உள்ளேயிருந்து நாற்பது நாளுக்கு மேல் அடக்கிவைத்திருந்த தண்ணீர் நேராகத் தலைவரின் மார்பில் பாய்ந்தது. தலைவர் மல்லாந்தார். அவரைத் தூக்க வந்த எழுத்தர் அவர் மேலேயே வழுக்கி விழுந்தார். அவருடைய பைக்குள் இருந்த கேக் தலைவரின் சட்டையில் அப்பியது. ஆய்வாளரம்மாவின் காகிதங்கள் அறை முழுக்க மிதந்தன. வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வாசலுக்கு ஓடியபோது, படியில் உட்கார்ந்திருந்த மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது. அப்படியும் சிரித்தாள்.

மனைவி வால்வை மூடினாள். கூட்டத்தைப் பார்த்துவிட்டுக் குழாய்க்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

“யாரு உடைச்சது? ரொம்ப நறுவிசா உடைச்சிருக்காங்களே! சரியா இணைப்பு இருக்கிற எடம்!”

“சங்கத் தலைவர்” என்றார் தராசு.

“வேற வீட்டுக்கும் வருவாரா?” என்று கேட்டுக்கொண்டே அவர் வேலையில் இறங்கினார். பத்து நிமிடத்தில் முடிந்தது. கூலியைச் சம்பளம் வந்ததும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். விழுந்த குப்பையில் நல்ல கற்களாகப் பொறுக்கி, மனைவியே நாலு நாளில் ஓட்டையை அடைத்துப் பூசினாள். மூன்று வாரத்தில் அறை காய்ந்தது. மகள் தன் இடத்தில் படுத்தாள். இருமலும் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது.

மனிதர்கள் என்றால் இத்தோடு விட்டிருப்பார்கள். சங்கம் அல்லவா, விடவில்லை. அடுத்த மாதம் ஆண்டறிக்கை வந்தது. தலைவரின் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: ‘தலைவரின் காலத்தில் வழங்கப்பட்ட முதல் நிவாரணம்! உறுப்பினர் ஒருவரின் இல்லத்துக்கு நேரில் சென்று, தலைவர் தம் கையாலேயே சுவரை உடைத்துக் கொடுத்தார்.’

கூடவே தராசுக்கு ஒரு கடிதம். சுவர் உடைப்புப் பணி, தலைவர் நிலைக்குரிய கூலி விகிதத்தில் மதிப்பிடப்பட்டு, நிவாரண முன்பணமாகக் கருதப்படுகிறது. அது முப்பத்தாறு மாதத் தவணையில் சம்பளத்தில் பிடிக்கப்படும். நிவாரணம் பெற்றுவிட்டபடியால் அந்தக் குடும்பம் இனி முன்மாதிரிக் குடும்பம் ஆகாது. ஆகவே கேடயத்தை உடனே திருப்பித் தரவும்.

தராசு கடிதத்தோடு எழுத்தரிடம் போனார்.

“சார், தலைவரோட துணிமணிக்குக்கூட நிதியிலேர்ந்து பணம் குடுத்தீங்களாமே?”

“ஆமா, அன்னிக்கே குடுத்தாச்சு. புதுத் துணி, புது ஃபோன், ஜலதோஷத்துக்கு மூணு நாள் ஓய்வு விடுதி.”

“அவர் மட்டும் முப்பது நாளைக்கு முன்னாடி தெரிவிச்சாரா?”

“பின்னே? தலைவருக்கு முன்யோசனை அதிகம். வருஷ ஆரம்பத்துலயே பன்னிரண்டு படிவம் கையெழுத்துப் போட்டு, தேதி போடாம எங்கிட்ட குடுத்து வச்சிடுவார். நீங்களும் அப்படி இருந்திருக்கலாம்ல?”

எழுத்தர் இதை ஒளிவுமறைவு இல்லாமல், அன்போடு, அறிவுரையாகச் சொன்னார். தராசுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு எதிரில் ஒரு ஆள் இருக்க வேண்டும். வந்தது அருவருப்பு. கையை எங்கேயாவது கழுவ வேண்டும் போல இருந்தது.

மறுநாள் கேடயத்தைப் பழைய துணியில் சுற்றி வேலைக்கு எடுத்துப்போனார். லாரிகள் வரிசையில் நின்றன. அவர் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டு, எடை மேடையின் நடுவில் கேடயத்தை வைத்தார். லாரி எடை போடுகிற மேடை அது. இருபது கிலோவுக்குக் கீழே எது வைத்தாலும் முள் அசையாது. அசையவில்லை. டிரைவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் கண்ணாடி அறைக்குள் போய்ச் சாவகாசமாகச் சீட்டு எழுதினார். சரக்கு: சங்கம் கொடுத்த கேடயம். எடை: பூஜ்யம். கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி, கேடயத்தோடு சீட்டையும் சங்க எழுத்தரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார்.

“பூஜ்யம்னு போட்டிருக்கே?” என்றார் எழுத்தர்.

“மேடை காட்டினதை எழுதியிருக்கேன் சார். பத்தொன்பது வருஷமா நான் பொய்ச்சீட்டு எழுதினதில்ல.”

விதி என்றால் எழுத்தருக்கு உயிர். திரும்பி வரும் சரக்கைச் சீட்டில் உள்ளபடியே பதிய வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ரசீதில் எழுதினார்: ‘மேற்படி குடும்பத்துக்குச் சங்கம் வழங்கியது, எடை பூஜ்யம். சரிபார்த்தேன்.’ தலைவர் வழக்கம் போலப் படிக்காமல் கையெழுத்திட்டார். நகல் தராசின் கைக்கு வந்தது.

அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினார். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். சிரிக்கவில்லை. முப்பத்தாறு மாதம் அவள் கண்ணில் ஓடியிருக்க வேண்டும். பிறகு காகிதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“பின்பக்கம் சுத்தமா இருக்குங்க” என்று மகளைக் கூப்பிட்டாள். “இந்தாடி, கணக்குப் போட்டுப் பழகு.”